போக விடாதவர்

என் மாமனார் வீட்டுக்குப் போவது சுலபம். அங்கிருந்து கிளம்புவதுதான் கஷ்டம்.

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போகும் ஒரு சந்தின் கடைசி வீடு அது. கல்யாணமான புதிதில் கீழ்பென்னாத்தூரிலிருந்து என் அம்மாவும் அப்பாவும் என்னைப் பார்க்க வந்தார்கள். மத்தியானம் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்த அப்பா, களத்தில் வேர்க்கடலை காயப் போட்டிருக்கிறது, வானம் வேறு இருட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு வந்தார். அப்படியே நின்றுவிட்டார். ஒரு செருப்பு இருந்தது. இன்னொன்று இல்லை.

நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று சந்து முழுக்கத் தேடினோம். மாமாவும் தேடினார். எங்கள் எல்லோரையும் விட அவர்தான் அதிகமாகக் குனிந்து குனிந்து தேடினார்.

"விடுங்க சம்பந்தி. இருந்துட்டு காலைல போங்க. கடை தொறந்ததும் புதுசாவே ஒரு ஜோடி வாங்கிடலாம்" என்றார்.

அத்தை சமையலறை வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டார் முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்று அழுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அந்தச் செருப்பு தண்ணீர்த் தொட்டி மூடியின் மேல், கழுவித் துடைத்த கோலத்தில் இருந்தது. அப்பா எதுவும் கேட்காமல் போட்டுக்கொண்டார். ஊரில் ராத்திரி பெய்த மழையில் கடலை நனைந்து போயிருந்தது. பஸ் ஏறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் மாமனார் நல்ல மனுஷன்தான். ஆனா பாத்து இருந்துக்கோ" என்றார். அது பாராட்டா எச்சரிக்கையா என்று எனக்கு அப்போது புரியவில்லை.

நான் மாமாவிடமே கேட்டேன். "ஏன் மாமா ஒரு செருப்பை மட்டும் எடுத்து வெச்சீங்க?"

அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "ரெண்டையும் எடுத்தா திருட்டும்மா. ஒண்ணை எடுத்தா அது பாசம்."

இத்தனைக்கும் அவர் பார்த்த வேலை, ஆட்களை அனுப்பி வைக்கிற வேலை. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் சரி, கண்டக்டர் சில்லறை மாற்றப் போயிருந்தாலும் சரி, நேரம் ஆகிவிட்டால் விசில் ஊதிவிடுவாராம். ஓடி வருகிற பயணிக்காகக்கூட ஒரு வண்டியை நிறுத்தி வைத்ததில்லை என்று அவர் கூட வேலை பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். "ஊரையே வெரட்டி வெரட்டி அனுப்பிட்டு வந்து, வூட்டுல மட்டும் வாசப்படியில குந்திக்கிறாரு" என்பார் அத்தை.

ஒருநாள் மாமா மல்லாட்டை உரித்துக்கொண்டே, நான் கேட்காமலேயே சொன்னார்: "வண்டி கெளம்பிடும். அதோட சத்தம், புகை எல்லாம் அடங்கினப்புறம் பிளாட்பாரம் ஒரு மாதிரி ஆயிடும்மா. உடனே அடுத்த வண்டி வந்துடும், சரி. ஆனா நடுவுல ஒரு நிமிஷம் இருக்கு பாரு, அது எனக்கு ஆகவே ஆகாது." அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. உரித்த வேர்க்கடலையை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அவரிடம் செருப்பு மட்டும் அல்ல, இன்னும் பல வழிகள் இருந்தன. செங்கம் ரோட்டில் மரம் விழுந்துவிட்டது என்பார். பவுர்ணமி கூட்டத்துக்காக வண்டிகளைத் திருப்பி விடுகிறார்கள் என்பார், அன்று தேய்பிறையாக இருக்கும். மாடி அறையில் வாடகைக்கு இருந்த ஒரு வெளிநாட்டு அம்மாவை விமான நிலையத்துக்கு அழைத்துப் போக வந்த டாக்சியை, "அவங்க நேத்தே போயிட்டாங்களே" என்று சந்து முனையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். அந்த அம்மா கீழே வந்து கோபத்தில் அவர் பாஷையில் என்னவோ கத்தினார். மாமா அவருக்கு இட்லி வைத்தார். நல்லவேளையாக வேறு டாக்சி கிடைத்து விமானத்தைப் பிடித்துவிட்டார். அடுத்த வருஷம் நேராக எங்கள் வீட்டுக்கே வந்து, அதே அறைதான் வேண்டும் என்றார். மாமா அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எல்லாமே இப்படிச் சிரிப்பில் முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

என் நாத்தனார் கவிதா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தையையும் அவளையும் அழைத்துப் போக அவள் மாமியார் வீட்டிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஆரத்தி கரைத்து வைத்தாயிற்று. மாமா திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். மூச்சு விட முடியவில்லை என்றார். வீடே அலறியது. தகப்பனை இந்த நிலையில் விட்டுவிட்டு எப்படி வருவாள் என்று அவர்கள் வெறும் வேனோடு திரும்பிப் போனார்கள். வேன் சந்தைத் தாண்டிய சத்தம் கேட்டதும் மாமா எழுந்து உட்கார்ந்து, "குழந்தையைக் கொடு" என்று கையை நீட்டினார்.

கவிதா கொடுக்கவில்லை. "உங்களுக்கு இது விளையாட்டுப்பா. அங்க போய் நான்தானே பேச்சு வாங்கணும்?" என்று அழுதாள். அவள் சொன்னபடியே ஆயிற்று. பல வருஷம் அவள் மாமியார் அந்த வேனைப் பற்றிப் பேசாமல் ஒரு பண்டிகை போனதில்லை.

என் கணவருக்கு ஒருமுறை சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் இன்டர்வியூ இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போக இருந்த பைக்கின் சாவியைக் காணவில்லை. அவர் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் பஸ் போய்விட்டது, இன்டர்வியூவும் போய்விட்டது. அப்பாவும் பிள்ளையும் அதற்குப் பிறகு வெகுநாள் பேசிக்கொள்ளவில்லை. கார்த்திகை தீபத்தன்று மொட்டை மாடியில் நின்று மலை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாமா மெதுவாக அவர் பக்கத்தில் வந்து, "தெரியுதாடா?" என்று கேட்டார். "தெரியுதுப்பா" என்றார் இவர். அவ்வளவுதான் சமாதானம். ஆனால் வேறு வேலை கிடைத்து நாங்கள் சென்னைக்குக் குடிபோன பிறகும், அந்த வீட்டுக்கு வந்தால் என் கணவர் பர்ஸ், போன், சாவி எல்லாவற்றையும் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு தூங்குவார்.

அதற்குச் சில வருஷம் கழித்து ஒரு பொங்கல் விடுமுறை ஞாயிற்றுக்கிழமை வரை நீண்டது. நாங்களும் கவிதாவும் அவள் கணவர் ரகுவும் குழந்தைகளோடு எங்கள் காரிலேயே சென்னையிலிருந்து வந்திருந்தோம். போகி அன்று போளி. பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலும், மொச்சையும் பறங்கிக்காயும் போட்ட குழம்பும். மாட்டுப் பொங்கலுக்கு வடை பாயசம். அன்று கோயில் திருவூடல் விழா பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு மறுபடியும் வடை. காணும் பொங்கலான கரிநாளன்று ஆட்டுக்கறி. அதற்கடுத்த நாள், மீந்த குழம்பைச் சுண்ட வைத்து அதற்காகவே தோசை. அத்தை தட்டைப் பார்த்துப் போடுகிற ஆள் இல்லை, முகத்தைப் பார்த்துப் போடுகிற ஆள். போதும் என்று சொல்ல வாய் திறந்தால், திறந்த வாய்க்கு இன்னொன்று வரும்.

ஞாயிறு காலை எழுந்தபோது யாருக்கும் பசியே இல்லை. அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு அறிவித்தார்: "இன்னிக்கு மிளகு ரசம், சுட்ட அப்பளம். அதுக்கு மேல எவனாவது கேட்டீங்க, அடுப்பைத் தூக்கித் தெருவுல வெச்சிருவேன்."

அப்படி ஒரு சோம்பல் பகலை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. கூடத்தில் பாய்கள் விரித்தபடியே கிடந்தன. ரகு மின்விசிறிக்கு நேர் கீழே மல்லாந்து படுத்து, கண்ணைத் திறக்காமலேயே கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தைகள் கரும்பைக் கடித்துத் துப்பிய சக்கைக்கு நடுவே தூங்கிப் போயிருந்தார்கள். கவிதா என் தலைக்கு எண்ணெய் தேய்த்தாள், நான் அவள் தலைக்குத் தேய்த்தேன். யாரோ ஏப்பம் விட்டார்கள், அதற்கு யாரோ சிரித்தார்கள். மாமா வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்தது நிறைவு. சுற்றிக் கிடக்கிற அத்தனை பேரும் எழ முடியாமல் கிடப்பது அவருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று தெரிந்தது.

ரசம் சாதம் சாப்பிடும்போது என் கணவர் சொன்னார்: "நாலு மணிக்குக் கெளம்பிடலாம். இருட்டினா டோல்கேட்ல மாட்டிக்குவோம். எனக்கு காலைல மீட்டிங்."

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். அவர் அப்பளத்தை நொறுக்கிச் சாதத்தில் போட்டுப் பிசைந்தார். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு மரம் விழும், அல்லது ரோடு மூடும். அன்று எதுவும் நடக்கவில்லை. அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது. கை கழுவியதும் போய்ச் செருப்புகளைப் பார்த்தேன். எல்லாம் ஜோடியாக இருந்தன. பைகளைப் பார்த்தேன், இருந்தன. கவிதாவும் என் பின்னால் வந்து நின்றாள். "அண்ணி, அண்ணன் சாவியைப் பாக்கெட்லயே வெச்சிருக்கு இல்ல?" என்றாள் காதோடு.

அன்று காலை தலைக்குக் குளித்துவிட்டு என் கணவர் லுங்கி மாற்றியிருந்தார். பேன்ட் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கிளம்புகிற நேரம் வந்தது. பைகள் வாசலுக்கு வந்தன. குழந்தைகளை எழுப்பி முகம் கழுவி விட்டோம். என் கணவர் பேன்ட் பாக்கெட்டுக்குள் கைவிட்டார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பின்பக்கம். அவர் முகம் மாறியது.

"அப்பா. கீ குடுங்க."

"எந்தக் கீ?"

"விளையாடாதீங்கப்பா."

"காபி கொதிக்குது. குடிச்சிட்டுப் பேசலாம்."

"எனக்குக் காபி வேணாம். கீ வேணும்."

மாமா சிரித்தார். சிரித்தபடியே, "அப்படி என்னாடா தலை போற மீட்டிங்? நாளைக்கு விடியக்காலைல போனா ஆவாதா?" என்றார்.

ரகு நடுவில் புகுந்தார். "மாமா, அவருக்கு நிஜமாவே முக்கியமான வேலை. குடுத்துடுங்க."

"உங்களுக்கும் முக்கியமா மாப்பிள்ளை?"

என் கணவர் கத்தியது அந்தச் சந்துக்கே கேட்டிருக்கும். "ஒவ்வொரு தடவையும் இதே கூத்து! ஒரு தடவையாவது மனுஷனை நிம்மதியா அனுப்பியிருக்கீங்களா? என் வேலை போச்சு, இவ மாமியார் வீட்டுல மானம் போச்சு. இன்னும் என்ன போகணும்? இனிமே இந்த வீட்டுப் பக்கமே வர மாட்டேன். பொங்கலுக்கும் இல்ல, தீபத்துக்கும் இல்ல. நீங்க தனியா உக்காந்து பூட்டிக்குங்க!"

அத்தை காபி டம்ளர்களோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாமல் என் கணவர் மூச்சு வாங்க நின்றார். மாமாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. ஆனால் அது ஒரு பக்கம் மட்டும் இருந்தது.

அவர் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். இடுப்புப் பக்கம் கை போயிற்று. பிறகு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"காபியாச்சும் குடிங்க" என்று அத்தை டம்ளரை அவர் வலது கையில் வைத்தார். டம்ளர் நழுவி அவர் மடியில் கவிழ்ந்தது. சூடான காபி. அவர் துள்ளவில்லை. வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரம்பிச்சிட்டாரு" என்றார் என் கணவர்.

அந்த வேன் கதை எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. கவிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தை, "அஞ்சாறு நாளா கண்டதையும் தின்னா வாயுதான் பிடிக்கும். ஓமத் தண்ணி வெக்கிறேன்" என்று உள்ளே திரும்பினார். நான் மாமா முன்னால் போய்க் குனிந்தேன். வாயின் ஒரு ஓரத்தில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. தன் தோற்றத்தில் அவ்வளவு சுத்தம் பார்க்கிற மனிதர்.

"மாமா, என் பேரைச் சொல்லுங்க" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். ஏதோ ஒரு சத்தம் வந்தது. அது பேர் இல்லை, வார்த்தையும் இல்லை.

"ஏங்க, இது நடிப்பு இல்லைங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒரே ஓட்டம். ஆம்புலன்சுக்குப் போன் போட்டோம். வருகிறோம் என்றார்கள். ஆனால் மலை சுற்ற வந்த விடுமுறைக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் நேரமாகும் என்றார்கள். கார் வாசலிலேயே நின்றது. பெட்ரோல் இருந்தது, ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். சாவி இல்லை. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆளால் பேச முடியவில்லை.

கவிதா அவர் காலடியில் மண்டியிட்டாள். "அப்பா, கீயை எங்க வெச்சீங்கப்பா? கையால காட்டுங்கப்பா."

அவருக்குப் புரிந்தது. கண் அலைந்தது. "கு... குட..." என்றார். நாங்கள் குடங்களையெல்லாம் கவிழ்த்தோம். பொங்கல் பானைக்குள் கைவிட்டோம். அரிசி டிரம், தண்ணீர்த் தொட்டி, சாமி மாடம், மெத்தைக்கு அடியில். என் கணவர் அலமாரியில் இருந்த துணிகளையெல்லாம் இழுத்து வெளியே போட்டார். மாமா இடது கையால் வயிற்றுக்குக் கீழே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார்.

"வயிறு வலிக்குதாங்க? வெளிய போகணுமா?" என்று அத்தை கேட்டார். அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்கிறாரா இல்லை என்கிறாரா என்று தெரியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

ஆட்டோ பிடிக்க மெயின் ரோட்டுக்கு ஓடிய ரகு வெறுங்கையோடு திரும்பினார். "ஒண்ணு கூட காலி இல்ல. எல்லாம் ஆளை ஏத்திக்கிட்டுப் போகுது."

"சேரோட தூக்கு" என்றார் என் கணவர்.

இரண்டு பேரும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். குழந்தைகளோடு கவிதாவை வீட்டில் விட்டுவிட்டு, அத்தையும் நானும் பின்னால் ஓடினோம். சந்தில் இருந்தவர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். நாற்காலியின் கால் ஒன்று வளைந்தது. மாமாவின் இடது கை என் கணவரின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தது. அதை விடுவிக்கவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் அவர் குனிந்தபடியே நடந்தார்.

மெயின் ரோட்டில் கார்களும் வேன்களும் இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தன. செங்கம் பக்கத்திலிருந்து ஒரு அரசு பஸ் ஊர்ந்து வந்தது. ரகு குறுக்கே போய் நின்று இரண்டு கையையும் தூக்கினார். டிரைவர் ஜன்னல் வழியாகத் திட்ட வாயெடுத்தவர், நாற்காலியைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார்.

"யோவ், நம்ம டைம் கீப்பருய்யா!" என்றார் உள்ளே பார்த்து.

கண்டக்டர் குதித்து இறங்கினார். முன் சீட்டில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். பின்னாலிருந்து ஒருவர், "எங்களுக்கு ஸ்டாப்பிங் இருக்குங்க" என்று ஆரம்பித்தார். "இறங்கி நடந்துக்கோ சாமி. இது இப்ப ஆஸ்பத்திரி வண்டி" என்றார் கண்டக்டர். அவர் மறுபடி பஸ்ஸில் ஏறவில்லை. பஸ்ஸுக்கு முன்னால் விசில் ஊதிக்கொண்டே ஓடினார். நின்ற கார்களின் பானெட்டில் தட்டினார், பைக்குகளைக் கையால் தள்ளி ஒதுக்கினார். கூட்டம் கொஞ்சம் குறைந்த இடத்தில்தான் படியில் தொற்றிக்கொண்டார். பஸ் எங்கும் நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்குள்ளேயே நுழைந்தது.

மூளையில் ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டார். அத்தை தலையைக் குனிந்துகொண்டு, "பண்டிகை முடியட்டும்னு போகியிலேருந்து நிறுத்திட்டாரு" என்றார். அது எங்கள் யாருக்கும் தெரியாது.

அவரை உள்ளே கொண்டு போன கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் வெளியே வந்து என்னிடம் கையை நீட்டினார். "இது யாருதுங்க? வேட்டி மடிப்புல சொருகி வெச்சிருந்தாரு."

கார் சாவி. கைக்குட்டையில் சுற்றியிருந்தது. அவர் உடம்புச் சூடு இன்னும் அதில் இருந்தது.

அதை என் கணவரிடம் கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் அவரே பார்த்துவிட்டார். வாங்கவில்லை. சுவரில் முதுகைத் தேய்த்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தார். "காட்டிக்கிட்டேதான இருந்தாரு. இடுப்புல அடிச்சி அடிச்சிக் காட்டிக்கிட்டேதான இருந்தாரு" என்றார்.

அன்று மாமா எழப் பார்த்து இடுப்பில் கை வைத்தது சாவியை எடுத்துக் கொடுக்கத்தான், 'குட...' என்று இழுத்தது குடுக்கிறேன் என்று சொல்லத்தான் என்று நான் நம்புகிறேன். பிறகு ஒருநாள் அத்தையிடம் அதைச் சொன்னேன். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "அவரா? குடுத்திருக்க மாட்டாரு. பத்திரமா இருக்கான்னு தொட்டுப் பாத்திருப்பாரு."

மாமா பிழைத்துவிட்டார். கோல் ஊன்றி நடந்தார். வலது கை கடைசி வரை மடங்கியே இருந்தது. பேச்சில் ஒரே ஒரு வார்த்தைதான் திரும்பி வந்தது. "சரி."

பசிக்கிறதா என்றால் சரி. குளிர்கிறதா என்றால் சரி. கோபம் வந்தாலும் அதே வார்த்தையைத்தான் ஓங்கிச் சொல்லுவார். கிளம்புகிறோம் என்றாலும் அதுதான். முதல்முறை அதைக் கேட்டபோது நாங்கள் வாசலில் பையோடு நின்றுகொண்டிருந்தோம். வருகிற எவரையும் ஒரு பேச்சில் அனுப்பி வைக்காத மனிதர், கோலைப் பிடித்தபடி எங்களைப் பார்த்து, "சரி" என்றார். எங்களுக்குக் கால் எழவில்லை.

என் கணவர் ஒவ்வொரு வாரமும் போக ஆரம்பித்தார். சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்புவார். இனிமேல் வரமாட்டேன் என்று சொன்னதைப் பற்றி அவர் என்னிடம்கூடப் பேசியதில்லை. ஆனால் கிளம்பும்போது மட்டும் அப்பாவின் முன்னால் உட்கார்ந்துகொள்வார்.

"கெளம்பட்டுமாப்பா?"

"சரி."

"இருக்கட்டுமா?"

"சரி."

இரண்டும் ஒன்று இல்லை, இரண்டாவதில் ஒரு இழுப்பு இருக்கிறது என்று காரில் வரும்போது என்னிடம் சொல்லுவார். எனக்கு அப்படித் தெரிந்ததில்லை.

சில வருஷம் இப்படியே போயிற்று. கடைசியாக அவர் விழித்திருக்க நான் பார்த்தது ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை. பண்டிகை எதுவும் இல்லை. என் கணவர் வழக்கம்போல் கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பட்டுமா, இருக்கட்டுமா, கிளம்பட்டுமா. அத்தை பொறுமை இழந்துவிட்டார்.

"ஏன்டா அந்த மனுஷனை இந்தப் பாடு படுத்துற? வாய்ல வர்றதே ஒண்ணுதான். போறதுன்னா போ, இருக்கிறதுன்னா இரு. இன்னாத்துக்கு அவரைக் கேக்குற?"

"போகாதடான்னு ஒரே ஒரு தடவை சொல்லட்டும்மா. அப்புறம் கெளம்பறேன்" என்றார் என் கணவர். தலை நரைக்க ஆரம்பித்துவிட்ட ஒரு ஆள், அம்மாவிடம் அடம் பிடிக்கிற மாதிரி அதைச் சொன்னார்.

மாமா அவரையே வெகுநேரம் பார்த்தார். வாயைக் கோணி, கழுத்து நரம்பு புடைக்க எதையோ மேலே கொண்டு வரப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"சரி" என்றார்.

என் கணவர் சிரித்துவிட்டார். மாமாவும் சிரித்தார். அன்று நாங்கள் கிளம்பவில்லை. பைகளை மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் வேலைக்குப் போக வேண்டும் என்று சீக்கிரமே எழுந்தோம். மாமா நல்ல தூக்கத்தில் இருந்தார். இவர் கட்டில் ஓரம் போய் நின்றார். ராத்திரியெல்லாம் இருமல், இப்போதுதான் கண்ணயர்ந்தார், எழுப்ப வேண்டாம் என்று அத்தை சைகை காட்டினார். சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வந்தோம்.

அந்த வியாழக்கிழமையே அத்தையிடமிருந்து போன் வந்தது.

நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து, மாமாவைக் கேட்காமல் நாங்கள் கிளம்பியது அந்த ஒரு காலைதான்.